மூன்று பி வகுப்பில் சந்தை

கணிதத்துக்கு ஒரு சந்தை வையுங்கள் என்று
ஆசிரியர் வழிகாட்டி சொல்கிறது.
மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம்.
கொட்டாஞ்சேனையின் வெற்றுப் பெட்டிகள் எல்லாம்
காலையிலேயே வந்து சேர்ந்திருந்தன:
சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி,
உள்ளே இன்னும் கொஞ்சம் மணக்கும் பிஸ்கட் பெட்டி,
யாரோ கழுவிக் காயவைத்த யோகட் கோப்பைகள்.
களிமண்ணில் கத்தரிக்காய்.
பப்பாசி என்று சொல்லப்பட்ட ஒன்று.

காசை நான் வெட்டினேன், பழைய கலண்டர் தாளில்.
ஒரு பக்கம் நூறு ரூபாய்,
மறுபக்கம் போயா, சிவப்பு மையில்.

பால்மாப் பெட்டியில் நான் ஒட்டிய விலையைப் பார்த்து
ஷெரீனா சிரித்தாள்.
"இது போன வருசத்து விலை, டீச்சர்."
வெட்டிவிட்டு வேறு எழுதினாள், என்னைக் கேட்கவில்லை.
டிலுக்சன் கடையில் ஒரு கடன் கொப்பி திறந்திருந்தது.
பத்து நிமிசத்துக்குள்
அதில் என் பெயரும்.

அஸ்ஜத்துக்கு மேசை வேண்டாமாம்.
கதவுக்குப் பக்கத்தில், நிலத்தில்,
நீலப் பொலித்தீன் ஒன்றை விரித்தான்.
நாலு மூலையிலும் ஓட்டை,
ஓட்டைகளுக்குள் ஓடும் நைலோன் கயிறு.
மேலே அழிறப்பர்கள், தலைமுடிக் கிளிப்புகள்,
சோடி தொலைந்த காலுறைகள்.
"சீயய் சீயய் சீயய்!
வாங்க அக்கா, என்ன நோனா,
பார்க்கக் காசில்ல!"
புறக்கோட்டை மெயின் வீதி முழுவதும்
அந்தச் சின்னத் தொண்டைக்குள் நெரிபட்டது.

கரும்பலகையில்
கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல்
இரண்டு தவணையாய் என்னிடம் நிற்கிற பிள்ளை.
ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன்.
நான் விரல் மடக்குவதற்குள்
மிச்சம் என் கையில் இருந்தது.

"சேர் வாறார்!"
வராந்தாவில் யாரோ கத்தினார்கள்.
அதிபரும், வலயத்திலிருந்து வந்த ஒருவரும்.

ஒரே இழுப்பு.
கடை மூட்டையானது,
மூட்டை முதுகுக்குப் போனது,
முதுகு அலுமாரிக்குப் பின்னால் போனது.
றோசா நிற அழிறப்பர் ஒன்று மட்டும் துள்ளிப்போய்
வலயத்து ஐயாவின் சப்பாத்தைத் தொட்டு நின்றது.

வகுப்பு சிரித்தது.
அலுமாரிக்குப் பின்னால்
மூச்சுக்கூட விடாமல் ஒருவன்.

"இங்க என்ன கடை இருந்தது?" என்றார் வந்தவர்.
வெறும் சீமெந்தைப் பார்த்தேன்.
"நடைபாதை" என்றேன்.
அவர் அதை எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு மூட்டையை அவிழ்த்து
இரண்டு தரம் எண்ணினான்.
"பதினேழு. பதினெட்டு இருந்தது, டீச்சர்."
பதிவேட்டில் கழித்தல் என்ற கூட்டுக்குள்
அவனுக்குச் சரி போட்டேன்.
மற்றதற்குக் கூடு இல்லை.

அடுத்த புதன், எல்லாக் கடைக்கும் கயிறு.
சப்பாத்து நாடா, சணல்,
ஷெரீனா கொண்டுவந்த பாவாடை நாடா.
முடிச்சை அஸ்ஜத் காட்டிக் கொடுத்தான்:
இழுத்தால் இறுக வேண்டும்,
ஒரு விரல் தொட்டால் அவிழ வேண்டும்.
நான் இரண்டு தரம் பிழைவிட்டேன்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது.
மாநகரசபை யார்?

ஒரு கையும் உயரவில்லை.
ஜன்னலோரத்திலிருந்து யாரோ சொன்னார்கள்:
"நீங்க இருங்க, டீச்சர்."

விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய விசில்
என் கழுத்தில் தொங்கியது.
வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்பினேன்.
மழை பிடித்திருந்தது. கதவுக்குள்ளே
முப்பத்துநாலு பேரும் கயிற்றில் விரல் வைத்து
என் கால்களையே பார்த்தார்கள்.

செருப்பை நிலத்தில் இழுத்து இழுத்து,
இருமி, இன்னொரு தரம் இருமி,
மூன்று ஏ வகுப்பு வாசலிலேயே
விசிலை ஊதிவிட்டு

மெதுவாகத்தான் நடந்தேன்.