நாற்பத்தோராவது அழைப்பு

பதினாலு மாதம் கழித்து
கருங்கல் மின்வாரிய ஆபீசுக்கு வந்தேன்.
கேபிள் டிரம்மை உடைத்த பலகையில்
ஏசுவடியான் சாய்தளம் அடித்து வைத்திருந்தான்.
ஏறும்போது ஓர் ஆணி சக்கரத்தில் உரசியது.

வருகைப் பதிவேடு பழைய இடத்தில்தான் இருந்தது,
என் உயரம்தான் குறைந்திருந்தது.
எடுத்துத் தந்தார்கள்.
பேனா, டீ, தங்கள் பக்கத்து மின்விசிறி
எல்லாம் தந்தார்கள்.
நான் விழுந்த கம்பத்தைப் பற்றி மட்டும்
யாரும் வாய் திறக்கவில்லை.

மூத்திரப் பையைப் பேண்டுக்குள் சரிசெய்துகொண்டு
போன் மேசைக்கு உருண்டேன்.

மழை.
மத்திகோட்டில் ரப்பர் மரம் சாய்ந்து கம்பி அறுந்திருந்தது.
எந்தக் கம்பம், எந்த வளைவு,
எந்த வீட்டு அயனிமரம் கம்பியில் முட்டும்,
ஆள் பேசி முடிக்கும் முன்பே தெரிந்தது.

நாற்பத்தோராவது,
பாலப்பள்ளம் ரெத்தினபாய்.
ரிசீவருக்கு வெளியே கேட்கும் குரல்:
"ஓய், இருந்த எடத்துல இருந்துட்டு
இப்போ வரும் இப்போ வரும்னு சொல்லாதீரும்.
எழும்பி வந்து பாரும்!"

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.
ஏசுவடியான் ரிசீவரைப் பிடுங்கக் கை நீட்டினான்.

தடுத்தேன்.
பதினாலு மாதத்தில்
என்னைத் திட்டிய முதல் ஆள்.

"ஆளு வந்துட்டிருக்கும்மா,
பத்தே நிமிஷம்" என்றேன்,
எப்போதும் சொல்லும் அதே பொய்யை.