மூன்றாம் கம்பி

உடனே திறக்காதே என்றார் கடைக்காரர்,
விற்ற அன்றே.
குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்தால்
மூடிய பெட்டி மூடியபடியே
ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.
இல்லாவிட்டால் வார்னிஷ் மயிரிழையாய் வெடிக்கும்,
மரம் கோபித்துக்கொள்ளும்.

இன்று சட்பரியில் மைனஸ் முப்பத்தொன்று.
டிப்போ ஓய்வறையில் எனக்கிருப்பது
நாற்பது நிமிடம்.

ரெய்யோ மேசையைத் துடைத்து இடம் பண்ணினான்.
லூசியன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.
அக்டோபரிலிருந்து சொல்லி வருகிறேன்,
இருபத்துநாலாம் தேதி இரவு வேலை விழுந்தவர்களுக்கு
அந்தப் பழைய பாட்டை வாசிப்பேன் என்று.
பெயர் எதற்கு, உங்களுக்கும் தெரிந்ததுதான்,
கடையில் வெங்காயம் பொறுக்கும்போது
தலைக்கு மேலே ஓடுமே, அது.

மூன்றே மூன்று கார்டு. நடை தகிட தகிட.
அதில் ஒன்று எஃப்.
சுட்டுவிரல் கிடையாகப் படுத்து
ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும்.
என் விரல் ஐந்தைத்தான் அமுக்கும்.
ஆறாவது
அதன் பாட்டுக்கு இருமும்.

மூவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்களாய்.
ரெய்யோ மகனின் பல் வைத்தியச் செலவைச் சொன்னான்.
லூசியன் மணியைச் சொன்னான்.
பதினொன்று பத்து. என் வண்டி.

பெட்டியைத் தூக்கிப்போய்
என் இருக்கைக்குப் பின்னால் சாய்த்தேன்,
ஹீட்டர் மூச்சுவிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒருத்தி ஏறினாள்,
தடித்த கோட்டுக்குள்ளிருந்து
நீலச் சீருடை எட்டிப் பார்த்தது.
உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.
பிறகு யாரும் ஏறவில்லை.
சிவப்பு விளக்குதோறும் என் இடது கை
ஸ்டியரிங்கில் சி பிடித்தது, ஜி பிடித்தது,
எஃப்பில் வழுக்கியது.

ஹான்மர். கடைசி நிறுத்தம்.
அவளை எழுப்ப வேண்டும்.
அம்மா என்பதா, மேடம் என்பதா,
தோளைத் தொடலாமா, கூடாதா,
விதிப்புத்தகத்தில் என்ன இருக்கிறது?

பெட்டியைத் திறந்தேன்.
மரம் கன்னம் போல் வெதுவெதுப்பாயிருந்தது.

தூங்கு தூங்கு என்று சொல்கிற பாட்டால்
ஒருத்தியை எழுப்பப் பார்த்தேன்.

முதல் வரி முடிந்தது. இரண்டாவதும்.
எஃப் வந்தது, இருமியது.
இன்ஜின் கீழே உறுமிக்கொண்டு
தனக்குத் தெரிந்த ஒரே சுருதியைப் பிடித்தது.
அவளுடைய பனிக்காலணி,
ஈரம் சொட்டிக்கொண்டிருந்த அது,
மூன்றுக்கு ஒருமுறை லேசாகத் தட்டியது.
கண் மூடித்தான் இருந்தது.

முடித்தேன். எழுந்தாள்.
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே
கதவருகே நின்று சொன்னாள்:
உன் மூன்றாம் கம்பி இறங்கியிருக்கிறது.

இறங்கி நடந்தாள்.

முறுக்கிப் பார்த்தேன்.
ஆமாம், இறங்கித்தான் இருந்தது,
சூட்டுக்குத் தளர்ந்து, அரைக்கால் சுரம்.
சரி செய்தேன். ஒருமுறை மீட்டினேன்.
காலி இருக்கைகளுக்காக இன்னொரு முறை.

நான்கு நிமிடம் பிந்திக் கிளம்பினேன்.
என்ன தாமதம் என்று ரேடியோவில் கேட்டார்கள்.
பாதையில் ஐஸ்
என்றேன்.