தலைமாட்டுப் பக்கம்

இருபத்தோரு வருஷம் தள்ளினேன்.
ஸ்ட்ரெச்சரில் படுத்தவர் யாரும்
என் முகத்தைப் பார்த்ததில்லை.
தள்ளுகிறவன் தலைமாட்டில் நிற்பான்.
படுத்தவர் கண்ணுக்கு
கூரையும் டியூப்லைட்டும்தான்.

ஒரு சித்திரை மத்தியானம்,
வேலூர்க் கோட்டைக் கல்லெல்லாம்
அனல் கக்கும் நேரம்,
வங்காளத்திலிருந்து ரயிலேறி
காட்பாடியில் வந்திறங்கிய அம்மா ஒருத்தியை
ஆபரேஷனுக்குத் தள்ளிப்போனேன்.
பாதி வழியில் கையைத் தூக்கிப்
பின்னால் காற்றில் துழாவினாள்.
"ஆச்சோ?"
"இன்னும் இல்லம்மா, கொஞ்ச தூரம்."
மறுபடி, "ஆச்சோ?"
"ஆகலம்மா."
கதவு வரைக்கும் இதே பேச்சு.

சாயங்காலம் டீக்கடையில்
லாட்ஜில் ரூம் காட்டும் தேவசித்தன்
சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.
அவள் பாஷையில் அது
முடிந்ததா என்பதல்ல,
இருக்கிறாயா என்பது.
நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு
வார்டுக்குப் போனேன்.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
மறுநாள் எனக்கு விடுமுறை.

இன்று நான் படுத்திருக்கிறேன்.
பித்தப்பையில் கல்லா, வேறெதுவுமா,
திறந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.
ரூபாவதி கீழே
சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்,
மடியில் பிளாஸ்டிக் கூடை.
நேற்று சத்துவாச்சாரி சபையில்
எனக்காக முழங்காலிட்டார்களாம்.
மேய்ப்பர் உனக்கு முன்னே போகிறார்,
பயப்படாதே என்று
பாஸ்டர் ஐயா சொல்லி அனுப்பினார்.
முன்னே பார்த்தேன்.
என் கால் கட்டைவிரல் இரண்டும்
அதற்கப்பால் ஒரு ஃபேனும்.

தள்ள வந்தவன் பூவரசன்,
பள்ளிகொண்டாப் பையன்,
நாலு மாத சர்வீஸ்.
இடது முன் சக்கரம் கிறீச்சிட்டது.
எண்ணெய் விடணும், விடணும் என்று
ஒரு வருஷமாய்ச் சொல்லிவந்தது நான்தான்.

எக்ஸ்ரே வாசலில் வலது பக்கம் திருப்பினான்.
"டேய், லிஃப்ட் இடதுடா."
"அது ரிப்பேருண்ணே, முந்தாநாள்லேர்ந்து."
முந்தாநாளிலிருந்து
நான் வார்டில் கிடக்கிறேன்.
கண்ணைக் கட்டிவிட்டாலும்
நடப்பேன் என்றிருந்த கட்டடத்தில்
எனக்குத் தெரியாமல் ஒரு கதவு மூடியிருக்கிறது.

அப்போதும் விடவில்லை.
விளக்குகளை எண்ணினேன்,
எந்த மாடி, எந்த வளைவு என்று.
பதினேழில் ஊசி மருந்து வந்து
நாக்கில் உட்கார்ந்துகொண்டது.
பதினெட்டு எங்கோ போய்விட்டது.

பிறகு சரிவு.
சரிவில் ஸ்ட்ரெச்சர் தானாக ஓடும்.
தள்ளுகிறவன் அங்கே தள்ளமாட்டான்.
குதிகாலை ஊன்றி
முழு உடம்பாலும் பின்னுக்கு இழுப்பான்.
படுத்தவருக்குத் தெரியாது அது.
ஏதோ தயங்குகிறது என்று நினைப்பார்.

ஆண்டவரே,
ஏன் பிடித்து இழுக்கிறீர் என்று
எத்தனை தரம் கோபித்திருப்பேன்.
ராணிப்பேட்டை தோல் கம்பெனி வேலை
கைக்கு வந்து நழுவியபோது.
(அந்தக் கம்பெனி எரிந்தது அடுத்த கோடையில்.)
இரண்டாவது பிள்ளை தங்காமல் போனபோது.
இல்லை, அதை இதில் சேர்க்க
இன்னும் மனசு வரவில்லை.
அது உமக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

கதவு எவ்வளவு தூரம் என்று
இப்போது பார்க்கவில்லை.
கையைத் தூக்கினேன்.
பாலாற்று மணலைக் கிளறித்
தண்ணீர் தேடுகிறவன் போலப்
பின்னால் துழாவினேன்.
"ஆச்சோ?"
யாரைக் கேட்டேன் என்று
பையனுக்கு எப்படித் தெரியும்?

"இன்னும் இல்லண்ணே. கொஞ்ச தூரம்தான்."

தப்பான பதில்.
ஆனால் தலைமாட்டிலிருந்து வந்தது,
மூச்சு நெற்றியில் படுகிற கிட்டத்திலிருந்து.
விரல் ஒன்று
என் விரலைத் தொட்டுவிட்டு
மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டது.
சக்கரம் கிறீச்சிட்டது.
கண்ணை மூடினேன்.