பட்டும் படாமலும்

மரீன்யா கிராந்தியில் மழை வந்தால்
எங்கள் பட்டறைத் தகரம்தான் முதலில் சொல்லும்.
இரவு ஷிப்ட். லேத்தில் அக்ரிலிக்.
ஆஸ்பத்திரி இயந்திரம் ஒன்றில்
ரத்தம் ஓடுவதை எட்டிப் பார்க்க
வட்டச் சன்னல்.
நாற்பது உருப்படி, வெள்ளிக்கிழமைக்குள்.

இரும்பு வெட்டிப் பழகிய கை எனக்கு.
பதினோரு வருஷம், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.
இரும்பு தன் சூட்டைச் சீவலோடு அனுப்பிவிடும்;
அது நீலமாகிச் சுருண்டு விழும், கதை முடிந்தது.
பிளாஸ்டிக் வாங்கிய சூட்டை
யாருக்கும் தராது.
தோலுக்கடியில் வைத்துக்கொண்டு
இளகும்.

வேகத்தை ஏற்றினால் பளபளக்கும் என்று நினைத்தேன்.
சீவல் உருகி உளியின் மூக்கில் ஒட்டியது,
ஒட்டியது பரப்பைத் திரும்பத் தேய்த்தது.
அழுகிய பழம் போல ஒரு வாசனை.
முதல் சன்னல் குப்பைக்கு.

சரி, ஊட்டத்தைக் குறைப்போம்.
சுற்றுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர்.
உளி வெட்டவில்லை,
பட்டும் படாமலும் உரசிக்கொண்டே போனது,
வேண்டாத விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.
கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் பனிமூட்டம்.
இரண்டாவதும் குப்பைக்கு.

ஊட்டத்தைக் கூட்டினேன்.
இசைத்தட்டு மாதிரி வரிவரியாய்.
நகத்தை ஓட்டினால் கிர்ரென்றது.
வல்தெமார் அளவுக்கருவியின் ஊசியை அதன்மேல் நடத்தி
"மூன்று புள்ளி இரண்டு" என்றான்,
உப்பில் ஊறிய லூபின் கொட்டையின் தோலை
மேசையில் துப்பியபடி.

வைர முனை மாட்டினேன்.
மூக்கின் வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கி
சுற்றுக்கு நூறில் ஐந்து,
ஆழம் பத்தில் இரண்டு,
எண்ணெய் வேண்டாம், குளிர்ந்த காற்று மட்டும்.
சீவல் அறுபடாத நாடாவாய் வந்து
என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது.
சன்னலைத் தூக்கிப் பிடித்தேன்.
அதற்கப்பால் வல்தெமாரின் மீசையில்
ஒவ்வொரு முடியையும் எண்ணலாம்.
ஒரு முடி நரைத்திருந்தது. சொல்லவில்லை.

விடியும்போது நாற்பதும் வரிசையில் நின்றன.

யோலாந்தா பெட்டியில் அடுக்குமுன்
ஆல்கஹால் தொட்ட துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்தாள்.
காப்பி ஆறுவதற்குள்
திருகாணி ஓட்டைகளைச் சுற்றி
வெள்ளிக் கீறல்கள் முளைத்தன,
யாரோ உள்ளிருந்து நகத்தால் பிறாண்டியது போல.
பதினேழு சன்னல்களில்.

பல்தசார் அவளைத்தான் பார்த்தார்.
அவள் துணியைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும்.
முகத்துக்கு வைரம் போட்ட நான்
ஓட்டைகளுக்கு மழுங்கின துரப்பணம் போட்டிருந்தேன்.
மணி மூன்று, மாற்றுத் துரப்பணம் மாடி அலமாரியில்,
படியேறச் சோம்பல்.
ஓட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?
அழுத்தித் தள்ளினேன்.
சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டது,
இழுபட்டபடி, சத்தமில்லாமல்,
ஆல்கஹால் வந்து கேட்கும்வரை.

"துணி இல்லை, நான்" என்றேன்.
தகரத்தில் மழை பெரிதாயிருந்ததால்
இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.
இரண்டாம் முறைதான் கஷ்டம்.

பதினேழையும் புதிதாய் வெட்டினேன்.
புதுத் துரப்பணம், கொத்திக் கொத்தி எடுத்து,
ஒவ்வொரு கொத்துக்கும் காற்று.
பிறகு நாற்பதையும் அடுப்பில் வைத்தோம்,
எண்பது டிகிரி, ஒரு முழு இரவு.
அதன்பின் மணிக்கு ஐந்து டிகிரி வீதம் இறக்கம்.
அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் வீண்.
கதவில் சாக்கட்டியால் எழுதினேன்:
ஆறட்டும்.

வெள்ளி போய்ச் சனியில்தான் பெட்டி கிளம்பியது.
யோலாந்தா இன்னும் என்னோடு பேசவில்லை.
பேசு என்று நானும் தள்ளவில்லை.
இன்று காலை அவள் மேசையைக் கடந்தபோது
துணியை மடித்து
சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிராமல்
காலால் நாற்காலியைச் சற்றே நகர்த்தினாள்,
எனக்கு வழிவிடவா,
உட்காரச் சொல்லியா,
தெரியவில்லை.

மாடி அலமாரியிலிருந்த துரப்பணங்கள்
இப்போது என் கைக்கெட்டும் தூரத்தில்.