எந்தத் தலைப்பில் எழுதுவது

லியெபாயாவில் பிப்ரவரிக் காற்று
கடலிலிருந்து நேரே வரும்,
கதவு பூட்டியிருக்கிறதா என்று
ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு.

வெல்காவுக்குப் பூட்டுத் திறக்கும் தொழில்.
எந்நேரமும், இருபது நிமிடத்தில் உங்கள் வாசலில்
என்று விளம்பரம்.
நான் அவளுடைய கணக்கை எழுதுகிறவன்.
மாதக் கடைசியில் ஒரு ஷூ பெட்டியைக்
கொண்டுவந்து மேசைமேல் கவிழ்ப்பாள்.

ஒரு கிளிக்குக்கு நான்கு யூரோ எண்பது சென்ட்.
நாளுக்கு அறுபதைத் தாண்டக் கூடாதென்று
அவளே வரம்பு கட்டியிருந்தாள்.
பன்னிரண்டு பேர் தொட்டால் அன்றைய பணம் தீரும்,
மீதி இரண்டு யூரோ நாற்பதுக்குப்
பாதி ஆள்கூட வரமாட்டான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டாள்.

நள்ளிரவு பன்னிரண்டு நான்குக்கு முதல் கிளிக்.
பன்னிரண்டு பத்தொன்பதுக்குக் கடைசி.
பதினைந்து நிமிடத்தில்
பன்னிரண்டு பேர் வந்து
ஆளுக்கு ஒன்றே முக்கால் நொடி நின்று
விலை கேட்காமல், எண்ணைத் தொடாமல்
போய்விட்டார்கள்.
அடுத்த இரவும்.
இப்படி இருபத்து நான்கு இரவுகள்.

ஆயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு யூரோ நாற்பது.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஐனார்ஸ்தான், என்றாள்.
கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவனுக்கும் இதே தொழில்,
போன வருஷம் புது வேன் வாங்கினான்.
பீட்டர் சந்தையில் புகையூட்டிய மீன் வாங்கும் வரிசையில்
பதினாறு வருஷமாகச் சொன்ன வணக்கத்தை
அவனுக்குச் சொல்லாமல் திரும்பி நின்றாள்.
மூன்றாம் நாள் அவனே வந்தான், தொப்பியைக் கழற்றாமல்:
"ஏன் இப்படிச் செய்கிறாய் வெல்கா?
என் காசு நள்ளிரவிலேயே தீர்ந்துபோகிறது."

அதன் பிறகு இருவரும்
சற்று நேரம் தரையைப் பார்த்தார்கள்.
யாரைச் சந்தேகிப்பது என்று
இப்போது ஒருவருமே இல்லை.

பதினொன்றாம் தேதி விடிகாலை
இரவுப் பணி முடித்து வந்த செவிலி ஸ்மைடாவின் சாவி
பூட்டுக்குள் பாதியாக முறிந்தது.
படிக்கட்டில் நின்று தேடியிருக்கிறாள்.
ரீகாவில் யாரோ போனை எடுத்து
யாரையோ அனுப்பினார்கள்.
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
வந்தவன் துளைபோட்டுப் பூட்டை உடைத்து
இருநூற்று நாற்பது யூரோ வாங்கிப் போனான்.
உடைக்காமல் முப்பத்தைந்துக்குத் திறந்திருப்பாள் வெல்கா,
இரண்டு தெரு தள்ளி
அப்போது காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

புதுப் பூட்டு வாங்க வந்த ஸ்மைடா சொன்னது இவ்வளவுதான்:
"தேடினேனே, நீங்கள் இல்லையே."

விளம்பர நிறுவனத்துக்கு எழுதினோம்.
யாருக்குக் காசு போனதோ அவர்களே விசாரித்தார்கள்,
வேலிக்கு ஓணான் சாட்சி.
பதினெட்டு நாள் கழித்துப் பதில்:
கவனமாக ஆராய்ந்தோம்.
இரண்டு கிளிக்குகள் செல்லாதவை.
ஒன்பது யூரோ அறுபது சென்ட் வரவு வைக்கப்பட்டது.
மற்றவை உண்மையான ஆர்வம்.

எரிபொருள், உளி, வேன் காப்பீடு
எல்லாவற்றுக்கும் என்னிடம் தலைப்பு உண்டு.
அந்த ஆயிரத்துச் சொச்சத்தை
விளம்பரச் செலவு என்றே எழுதினேன், வரித்துறைக்கு அது போதும்.
ஸ்மைடாவின் இருநூற்று நாற்பது
வேறு யாருடைய புத்தகத்திலோ வருமானமாக இருக்கிறது.
சொல்லாமல் விட்ட வணக்கத்தை
எங்கும் எழுதவில்லை.

வெல்கா போன பிறகு
அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.
செல்லாத இரண்டின் தேதியும் நேரமும் இருந்தன:
ஒரு ஞாயிறு, மாலை மூன்று நாற்பது, மூன்று நாற்பத்தொன்று.

அன்று அவர்களுக்கும் விடுமுறை போலும்,
விளம்பரம் தெரிந்தது.
எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான்
தொட்டேன். படம் சரியாக வரவில்லை,
மறுபடியும் தொட்டேன்.
அவளுடைய எண்ணைக்கூட
வாய்விட்டு ஒருமுறை படித்தேன்.