எட்டாம் நம்பர் மிஷினுக்குத் தண்ணீர் போகும் வழி

மாமாங்கம் தாண்டி எங்கள் ஷெட்.
எதிரில் சுண்ணாம்புக்கரடு,
அதன் முதுகுக்குப் பின்னால் சேர்வராயன்.
போர் தண்ணீரில் அந்தக் கல்லும் கொஞ்சம் வரும்.
ஆறு மாதம் ஓடிய ஓஸை வெட்டிப் பார்த்தால்
உள்சுவரில் வெள்ளை படிந்திருக்கும்,
பால் காய்ச்சிய பாத்திரத்தின் ஓரம் மாதிரி.

எட்டாம் நம்பரில் கொலுசுப் பெட்டி.
செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு.
அடிக்கு நாலு மூடி விழும்.
மூன்று நாளாக நாலாவது குழியின் மூடி மட்டும்
ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு வந்தது,
நம்பாதவன் புருவம் போல.

பகலில் குழந்தைவேலு பிரஷரைக் கூட்டினார்.
இரவில் நான் குறைத்தேன்.
சரக்கு சரியில்லையென்று சென்றாயன் முதலாளி
மூட்டையை மாற்றினார்.
மூடி எங்களில் யாரையும் மதிக்கவில்லை.

மாதேஸ்வரி ஒவ்வொரு பெட்டியையும்
காதருகே வைத்து மூடுவாள்.
டிக் என்றால் அட்டைப்பெட்டிக்கு.
சத்தமில்லை என்றால் என் மேஜைக்கு.
இரண்டு மணிக்கு மேஜையில் இடமில்லை.

பம்பை மட்டும் ஓடவிட்டு மிஷினை நிறுத்தினேன்.

அச்சைச் சுற்றிப் பதினாறு ஓஸ்.
எல்லாம் ஒரே கறுப்பு.
வேண்டியதற்கு மேல் நீளம்;
மீதியைச் சுருட்டி மேலே போட்டது யாரோ,
அதன்மேல் இன்னொருவர்,
போன தீபாவளி அவசரத்தில் நானும்.
மடிந்த இடங்களில் தண்ணீர்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிகாஷ் டார்ச் பிடித்தான்.
நான் தமிழில் எண்ணினேன், அவன் ஒடியாவில்.
ஒன்பது வரை ஒத்துப்போனோம்.
பத்தை இழுத்தால் பதின்மூன்று அசைந்தது.

கண் உதவாது என்று கையை வைத்தேன்.
வருவது ஜில்லென்றிருக்கும்.
போவது வெதுவெதுப்பாக.
ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுக்கொண்டே போய்
நாலாவது குழியின் கோர் பக்கம்,
இரண்டு ஓஸிலும் ஒரே சூடு.
இரண்டையும் போக்குக் குழாயில் மாட்டியிருந்தது.
வரத்தே இல்லை.
மூன்று நாளாக அங்கே
ஒரே தண்ணீர் நின்று
வெந்துகொண்டிருந்தது.

யார் மாட்டியது என்று பிகாஷ் கேட்கவில்லை.
அச்சு ஏற்றிய தாள் கம்பியில் தொங்கியது,
அடியில் என் கையெழுத்து.

வால்வை அடைத்து எல்லாவற்றையும் கழற்றினோம்.
அளந்து வெட்டினோம்.
அச்சு திறந்து பின்னால் போகும் தூரத்துக்கு
ஒரு வளைவு, அவ்வளவுதான் உபரி.
நாலாவதை மட்டும் ஆசிட் விட்டுக் கழுவினேன்;
வெள்ளையாக நுரைத்து வந்தது கரடு.
வருவதற்கு நீல டேப்.
சிவப்பு ஸ்டோரில் இல்லை.
கொலுசுப் பெட்டிக்குக் கட்டும் ரிப்பனை
மாதேஸ்வரி பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தாள்.
போகிற எட்டும் சிவப்பு முடிச்சோடு நின்றன,
நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியது மாதிரி.
நம்பர்களை பிகாஷ் அவன் மொழியிலும் எழுதினான்.
அவனுடைய ஒன்று,
சுருண்டு கிடக்கும் ஓஸ் போலவே இருந்தது.

விடிந்ததும் முதலாளி பார்த்தது
சாக்கு நிறைய வெட்டுத்துண்டை.
"நல்ல ஓஸுப்பா, மீட்டர் எழுவது ரூவா."
நான் வாயைத் திறப்பதற்குள்
மாதேஸ்வரி ஒரு பெட்டியை
அவர் காதருகே கொண்டுபோய் மூடினாள்.
டிக்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தார்,
தோட்டத்துக்கு ஆகுமாம்.

வெள்ளிக்கிழமை இந்த அச்சு இறங்கும்.
ஜவ்வரிசி ஆலைக்கான ட்ரே ஏறும்.
பதினாறும் மறுபடி கழலும்.
ரிப்பன் அதுவரைக்கும் தாங்குமா தெரியாது.

ரோட்டோரக் கடையில் டீ வாங்கினேன்.
டம்ளரைத் தொட்டதும்
கை தானாகவே கேட்டது:
வரத்தா, போக்கா?