முப்பது நிமிட இருட்டு

வலைப்பாட்டிலிருந்து முதல் பஸ்சில் வந்து
உரப்பையை மேசையில் வைத்தாள் மெற்றில்டா.
சொட்டிய தண்ணீரில்
என் பதிவுப் புத்தகத்து நேற்றைய இலக்கங்கள் கரைந்தன.
"வளர்க்கிற பாசி கொம்பனிக்குப் போகும்.
இது சும்மா ஒதுங்கினது,
வலையைச் சுத்தி விரலை அறுக்கிற சனியன்.
இதையோ கேட்டனீங்கள்?"

இதைத்தான்.
பழுப்பு இலை, கடுகு கடுகாய்க் காற்றுக்குமிழ்,
நாள் முழுதும் வெயில் குடித்தும்
வெந்துபோகாத உடம்பு.

கழுவி, உலர்த்தி, அரைத்து, வடித்து
ஒரு துளியை ஊதாக் கரைசலில் விட்டேன்.
ஊதா என்றால் பசி.
சோடியில்லாத ஓர் இலத்திரன்
அயல்வீட்டுக் கதவெல்லாம் தட்டித் திரிகிற நிறம்.
எண்ணெய் காறுவது இப்படித்தான்,
கருவாடு மஞ்சளிப்பதும்.

இனி முப்பது நிமிடம் இருட்டில் கிடக்கவேண்டும்.
மூடிய அலுமாரிக்கு முன்னால் தேத்தண்ணி குடித்தோம்.
கிலோ என்ன விலை போகும் என்றாள்.
தெரியாது என்றேன்.
"தெரியாது எண்டு சொல்லவோ
அறிவியல் நகரில இவ்வளவு பெரிய கட்டடம்?"

திறந்தபோது
குழாயில் வைக்கோல் மஞ்சள்.
"சாயம் போட்டுதோ?"
இல்லை. கேட்டதைப் பாசி கொடுத்துவிட்டது.
"குடுத்திட்டு, பிறகு அதுவும் கதவு தட்டித் திரியாதோ?"

பேனையை மூடினேன்.
இழந்ததை ஓரிடத்தில் வைக்காது,
வளையம் முழுக்கப் பரப்பிவிடும் என்று
விரலால் மேசைத் தண்ணீரில் வட்டம் போட்டேன்.
"சீட்டுப் போல" என்றாள்.
"ஒருத்தி கட்டாட்டி
மிச்சப் பதினொரு பேரும் பங்கு போடுறது.
வீட்டுக்கு வீடு அம்பது ரூபா,
ஒருத்தருக்கும் நோகாது."

நான் எழுதிய எந்த விளக்கமும்
இத்தனை சின்னதாய் இருந்ததில்லை.

ஐந்து நாளாய்
இரண்டு போத்தலில் சூரைமீன் விழுது.
ஒன்றில் பாசிச்சாறு, மற்றதில் ஒன்றுமில்லை.
கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது.
சாறில்லாததை முகர்ந்தவள்
கழுத்தைத் திருப்பினாள்.
"இது செத்திட்டுது."
மற்றதை முகர்ந்தாள், இன்னொரு தரம் முகர்ந்தாள்.
"இது இன்னும் கடல்ல நிக்குது."

கருவி அதைச் சொல்ல
வெள்ளிக்கிழமை ஆனது.
அட்டவணையில் ஒரு நிரல் கூட்டி
'மூக்கு, இரண்டு நாள் முந்தி' என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் வெட்டிவிடுவார்.

அது பிறகு. அன்று
இரண்டு மணி பஸ்சுக்கு
வெறும் உரப்பையை உதறி மடித்தாள்.
மேசையெல்லாம் மணல்.
அதை ஒதுக்கி ஒதுக்கிக்கொண்டே
கரைந்துபோன இலக்கங்களை
முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.